அரசாணையைக் காதால் படிக்க முடிகிறதா?

ஓர் அரசாணை இணையதளத்துக்கு வந்து சேரும் வழியைக் கவனித்தாலே பாதிச் சிக்கல் விளங்கிவிடும். பிரிவு அலுவலகத்தில் கணினியில் தட்டச்சாகிறது. அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அந்தத் தாளை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிடுகிறார்கள். தட்டச்சு செய்தபோது உரையாக இருந்தது, ஏற்றும்போது படமாகிவிட்டது. பார்வையுள்ளவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. திரைவாசிப்பான், அதாவது திரையிலுள்ள உரையைக் குரலாக்கும் மென்பொருள், வைத்துப் படிப்பவருக்கோ அது காலித்தாள். ஓய்வூதிய உயர்வு, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், ஏன், மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை அறிவிப்பே கூட இந்த வடிவில்தான் பெரும்பாலும் வருகிறது. யாருக்காக எழுதப்பட்டதோ அவர் இன்னொருவரை அழைத்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்பது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அனைத்தும் அணுகக்கூடிய வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் 42ஆம் பிரிவு. ஒலிவிளக்கம், சைகைமொழி, வசனவரி மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சேவை வழங்குவது அரசானாலும் தனியாரானாலும், அணுகல் விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றின்படி சேவை வழங்க வேண்டும் என்பது 46ஆம் பிரிவு. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் என்பது 89ஆம் பிரிவு.

சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதிதான் நமக்கு வேண்டியது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதலான ஜிஐஜிடபிள்யூவைப் பின்பற்ற வேண்டும், தளத்தில் ஏற்றும் ஆவணங்கள் மின்னூலுக்கான இபப் வடிவிலோ, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) வழிப் பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2023 மே மாதத் திருத்தத்தில் தகவல் தொழில்நுட்ப அணுகலுக்கான இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 17802 தரமும் இதில் சேர்ந்தது. அதே ஆண்டில் வந்த ஜிஐஜிடபிள்யூ 3.0, உலகளாவிய இணைய அணுகல் நெறிகளான டபிள்யூகேக் 2.1இன் இரட்டை ஏ நிலையை அளவுகோலாக வைத்துக்கொண்டது. கைபேசிச் செயலிகளையும் உள்ளே கொண்டுவந்தது.

மனு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 15(1)ஆவது விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லிவிட்டது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி வெறும் பரிந்துரை ஆக்கிவிட்டது என்பது காரணம். மீறக்கூடாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளாக வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே மனுவில் 15ஆவது விதியை மட்டும் நம்பி நிற்காமல், சட்டத்தின் 40 (அணுகல் தரங்களுக்கான விதிகளை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்பது), 42, 46 ஆகிய பிரிவுகளை முதலில் வைப்பதே பலம். அத்துடன் பிரக்யா பிரசூன் வழக்கின் 2025 ஏப்ரல் 30 தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றோரும் வங்கிகளின் மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்ட முடியாமல் தவித்ததிலிருந்து எழுந்த வழக்கு அது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களையும் வழங்கியது.

இனி வேலைக்கு வருவோம். எழுத்துணரி வழிப் பிடிஎஃப் போதும் என்று விதி சொல்வது ஆங்கிலத்துக்கு ஓரளவு ஒத்துவரும். தமிழுக்கு அதை நம்ப முடியாது. மங்கலான ஸ்கேனில் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும். ரகரமும் துணைக்காலும் ஒன்றோடொன்று குழம்பும். முத்திரை விழுந்த இடத்தில் இரண்டு வரி முழுதாகச் சிதையும். கோப்பு எண், தேதி, தொகை ஆகியவை தவறாக வந்தால் படிப்பவருக்கு அது தவறு என்றே தெரியாது. அதுதான் பெரிய ஆபத்து. பழைய ஆவணங்களுக்கு வேறு வழியில்லை என்றால் 300 டிபிஐக்குக் குறையாமல், தாள் சாயாமல் ஸ்கேன் செய்து, எழுத்துணரியில் போட்டு, ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளிலும் கூகுள் டிரைவிலும் தமிழ் எழுத்துணரி கிடைக்கிறது. மெய்ப்புப் பார்க்க ஆளில்லாத அலுவலகம், எண்களையும் தேதிகளையும் மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டுவிட வேண்டும்.

புதிய ஆவணங்களுக்கு எழுத்துணரியே தேவையில்லை. தட்டச்சுக் கோப்பு கையில் இருக்கிறதே! அதிலிருந்து நேராகப் பிடிஎஃப் எடுங்கள். கையெழுத்து வேண்டுமென்றால் டிஜிட்டல் கையொப்பம் இடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அதற்குச் சட்ட மதிப்புத் தருகிறது. பேனாவால் இட்ட கையெழுத்துதான் வேண்டும் என்ற அலுவலகங்களில் ஸ்கேன் பிரதியையும் உரைப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினால் போதும்.

வேர்டில் செய்யும் முறை இது. தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவதோடு விடாமல், தலைப்புக்கான ஸ்டைலைக் கொடுங்கள். திரைவாசிப்பான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவது அதை வைத்துத்தான். உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, மொழி தமிழ் என்று குறியுங்கள். அட்டவணையின் முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று அறிவியுங்கள். படங்களுக்கு மாற்றுரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் உரை, எழுதுங்கள். அரசு இலச்சினைக்கு ‘தமிழ்நாடு அரசு இலச்சினை’ என்ற அளவு போதும். ‘அணுகல் சரிபார்ப்பு’ வசதியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு ‘இவ்வாறு சேமி’யில் பிடிஎஃப் தேர்ந்து, விருப்பங்களுக்குள் போய், அணுகலுக்கான ஆவணக் கட்டமைப்புக் குறிகள் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள். லிப்ரே ஆபீஸில் பிடிஎஃப் ஏற்றுமதி செய்யும்போது ‘டேக் செய்த பிடிஎஃப்’ என்பதைத் தேர்ந்தால் அதே பலன்.

அவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுப்பவர்கள் நிறையப் பேர். அது தாளில் அச்சடிப்பதற்குச் சமம். கட்டமைப்புக் குறிகள் அத்தனையும் உதிர்ந்துவிடும். டிஜிட்டல் கையொப்பம் இட்டபிறகு இப்படிச் செய்தால் கையொப்பமும் செல்லாமல் போகும்.

எழுத்துரு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக ஏற்றது. இருந்தும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்றும் ஏற்றப்படுகின்றன. திரையில் பார்க்க அழகான தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்று பாமினியில் அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள்; திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். இரண்டு பக்கச் சுற்றறிக்கையை இப்படிக் கேட்டால் ஒரு சொல்லும் புரியாது. டேஸ்16இலும் இதே கதை. அதன் எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் எந்தக் குரலுக்கும் அவற்றைத் தெரியாது. அச்சுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் ஏற்றுவது யூனிகோடாக மட்டுமே இருக்க வேண்டும். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போடும்போது, நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழாகி உருக்குலையும். மின்னஞ்சல் முகவரி, சட்டப் பெயர், நிறுவனப் பெயர் ஆகியவற்றை மட்டும் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும்.

யூனிகோடில் அடித்த கோப்பும் பிடிஎஃப் ஆகும்போது கெடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கொ, கோ போன்ற எழுத்துகளில் உயிர்க்குறி மெய்யின் இரு பக்கமும் நிற்கிறது. கணினி அதை ககரம், பிறகு ஒகரக்குறி என்று ஒழுங்காக வைத்திருக்கிறது. சில மென்பொருள்கள் பிடிஎஃப் செய்யும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக எழுதிவிடும். திரையில் ஒரு குறையும் தெரியாது. குரலில் ‘கோவை’யும் ‘தேதி’யும் உடைந்து வரும். கூகுளில் தேடினாலும் அந்த ஆவணம் அகப்படாது. இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்: பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்புகள் தனியே, புள்ளிகளால் ஆன வட்டத்தோடு தொங்கினால் அந்தக் கோப்பை ஏற்றாதீர்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த மலர்களிலும் கொள்கை விளக்கக் குறிப்புகளிலும் இது அடிக்கடி நடக்கும். அப்போது அதே உரையைச் சாதாரண இணையப் பக்கமாகவும் இட்டுவிடுவதே சுலபமான தீர்வு. சொல்லப்போனால், எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கும் பழக்கத்தையே குறைத்துக்கொள்ளலாம். பத்து வரி அறிவிப்புக்குப் பிடிஎஃப் எதற்கு?

இணையப் பக்கங்களில் முதலில் பார்க்க வேண்டியது மொழிக்குறி. பக்கத்தின் எச்டிஎம்எல் தொடக்கத்தில் மொழி தமிழ் என்று இருக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்துத் தமிழ்ப் பக்கம் செய்தவர்கள் அந்தக் குறியை மாற்ற மறந்துவிடுவார்கள். விளைவாக, ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தாண்டிப் போகும் அல்லது எழுத்தெழுத்தாகத் தடுமாறும். ஒற்றைச் சொல் திருத்தத்தில் தளம் முழுதும் பேசத் தொடங்கிவிடும். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் திருத்தம் வேறில்லை.

அடுத்து நிறம். உரைக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வில் 4.5க்கு 1 என்ற அளவாவது வேறுபாடு வேண்டும். பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.48 தான் வரும், தேறாது. அரசுத் தளங்களுக்குப் பிடித்த பளிச்சென்ற சிவப்பும் வெள்ளையில் ஏறத்தாழ 4 தான், அதுவும் தேறாது. கொஞ்சம் அடர்சிவப்பாக்கினால் போதும். ஓடிக்கொண்டே இருக்கும் செய்தி வரி இன்னொரு தொல்லை. தானாக நகர்வது எதுவும் ஐந்து நொடிக்கு மேல் நீடித்தால் நிறுத்தும் பொத்தான் கட்டாயம் வேண்டும். மெதுவாகப் படிப்பவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் ஓடும் தமிழைப் பிடிக்க முடியாது. அதை ஐந்து வரிப் பட்டியலாக நிறுத்திவைப்பதே நல்லது.

பக்கத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்து செய்த பொத்தானில் ‘விண்ணப்பிக்கவும்’ என்பது ‘விண்ணப்பி’யோடு நின்றுவிடும். உயரம் இறுக்கிய பெட்டிகளில் இகரக் கொக்கியும் உகரச் சுழியும் வெட்டுப்படும். வரி உயரத்தை 1.5 மடங்கு கொடுத்து, பெட்டிகளின் உயரத்தை உரைக்குத் தகுந்தபடி வளர விட்டால் இது சரியாகும்.

மேலே ‘ஏ பிளஸ், ஏ மைனஸ்’ பொத்தான்களையும், ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட செருகியையும் வைத்துவிட்டு அணுகல் வேலை முடிந்தது என்று பில் போடும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். பெயரிடாத படிவக் கட்டத்துக்கு அந்தச் செருகி பெயர் தராது. ஸ்கேன் பிடிஎஃபை உரையாக்காது. திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவரிடம் அவருடைய குரலும் வேகமும் ஏற்கெனவே அமைந்திருக்கும். மேலே ஒன்று தானாகப் பேசினால் இரண்டும் மோதும். பணத்தைப் படிவங்களைச் சரிசெய்வதில் செலவிடுங்கள்.

ஏனென்றால் ஆள் சிக்கிக்கொள்வது படிவத்தில்தான். கட்டத்துக்குப் பெயர் குறி கொடுக்காவிட்டால் ‘எடிட், காலி’ என்று மட்டும் கேட்கும். அது தந்தை பெயரா ஆதார் எண்ணா என்று தெரியாது. கட்டத்துக்குள் மங்கலாக எழுதிவைக்கும் குறிப்பு பெயருக்கு ஈடாகாது. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும். பிறந்த தேதிக்கு நாட்காட்டி மட்டும் வைத்தால் விசைப்பலகையால் பல ஆண்டு பின்னால் போவது பெரும்பாடு. நேரடியாகத் தட்டச்சு செய்ய இடம் விடுங்கள். பிழை வந்தால் கட்டத்தின் ஓரத்தைச் சிவப்பாக்கினால் போதாது. எந்தக் கட்டம், என்ன பிழை, எப்படித் திருத்துவது என்று உரையாகச் சொல்லி, அங்கேயே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நேரம் முடிந்து வெளியே தள்ளும் தளங்கள், முடியப் போகிறது என்று முன்னதாக எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள 20 நொடியாவது தர வேண்டும். ஆளா எந்திரமா என்று சோதிக்கும் படக் கேப்ட்சாவைத் தனியாக வைக்கவே கூடாது. ஒலிக் கேப்ட்சா சேர்த்தாலும் கேட்கவும் பார்க்கவும் இயலாதவருக்கு அது உதவாது, ஆங்கில உச்சரிப்பு பழகாதவருக்கும் சிரமம். கைபேசிக்கு ஓடிபி அனுப்பும் படிவத்தில் கேப்ட்சா கூடுதலாக எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பதிலே இருக்காது.

சமூக ஊடகத்தில் மாவட்ட நிர்வாகங்கள் இடும் செய்திக்குறிப்புகள் பெரும்பாலும் படங்கள். மழை விடுமுறை, தங்கும் முகாம் முகவரி, உதவி எண் எல்லாம் படத்துக்குள். எக்ஸ் தளத்தில் மாற்றுரைக்கு 1,000 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு. அதற்குள் அடங்காவிட்டால் முக்கிய விவரத்தைப் பதிவிலேயே உரையாக எழுதுங்கள். பேரிடர் நேரத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

காணொளிக்கு வசனவரி போடுகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். மென்பொருள் ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கிடும். ‘கொடுத்தார்கள்’ நமக்கு ஏழு எழுத்து, அதற்குப் பதின்மூன்று. ஆங்கில வரம்பை அப்படியே விட்டால் தமிழ் வரிகள் பாதியில் முறியும். வரம்பை உயர்த்தி, சொற்றொடர் முடியும் இடத்தில் கையால் மடியுங்கள். தானியங்கி வசனவரி மேடைப்பேச்சில் ஓரளவு தேறும், வட்டார வழக்கில் விழும், ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் நிச்சயம் தவறும். திருத்தாமல் வெளியிடக் கூடாது. சைகைமொழிப் பெட்டியில் உரைபெயர்ப்பாளர் இடுப்பு வரை, விரல் அசைவும் முகமும் தெளிவாகத் தெரிய வேண்டும். அவருடைய உடை ஒரே நிறத்தில், கையின் நிறத்திலிருந்து வேறுபட்டு இருக்க வேண்டும். கீழே ஓடும் செய்திப் பட்டை அந்தப் பெட்டியை மறைக்கிற காட்சி தொலைக்காட்சிகளில் சாதாரணம். மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிட்டால் போட்டும் பயனில்லை. செவித்திறன் குறைந்தோருக்கான தொலைக்காட்சித் தரங்களை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் வெளியிட்டது. திரையரங்கில் காட்டும் படங்களுக்கான வழிகாட்டுதல் 2024 மார்ச்சில் வந்தது.

ஒரு தளத்தைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் முகப்பிலிருந்து விண்ணப்பத்தின் கடைசிப் பொத்தான் வரை போங்கள். எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கட்டம் மறைந்தால் அது ஒரு குறை. ஒரு மெனுவில் மாட்டி வெளியே வர முடியாவிட்டால் அது பெருங்குறை. பிறகு என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவுங்கள், இலவசம். அதில் ஈஸ்பீக் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ளுங்கள். எச் விசை தலைப்புகளுக்கும், கே இணைப்புகளுக்கும், டி (T) அட்டவணைகளுக்கும், எஃப் படிவக் கட்டங்களுக்கும் தாவும். இன்சர்ட்டும் எஃப்7ம் சேர்த்து அழுத்தினால் இணைப்புகளின் பட்டியல் வரும். ‘இங்கே சொடுக்கவும்’ என்பது முப்பது முறை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. தானியங்கிச் சோதனைக் கருவிகளையும் ஓட்டுங்கள், ஆனால் அவற்றின் மதிப்பெண்ணை நம்பிவிடாதீர்கள். மாற்றுரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த மாற்றுரை ‘படம்1’ என்பதை அது அறியாது. பாமினி எழுத்தையும் உடைந்த கொம்பையும் அது கண்டுபிடிக்காது. அரசுத் தளங்களைச் சோதித்து மத்திய அரசு அமைப்பு தரும் எஸ்டிக்யூசி சான்றிதழுக்கும் இதே எல்லை உண்டு: சோதித்த நாளின் பக்கங்களுக்குத்தான் அது சான்று, மறுநாள் ஏற்றும் ஸ்கேன் கோப்புக்கு அல்ல.

கடைசிச் சோதனையை அன்றாடம் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவர் செய்ய வேண்டும், அதற்கு அவருக்கு ஊதியம் தர வேண்டும். அவர் கேட்கும் வேகத்தில்தான் எந்த அறிவிப்பு தேவையில்லாமல் நீள்கிறது, எந்தப் படிநிலை திரும்பத் திரும்ப வருகிறது என்பது பிடிபடும்.

குறையை எழுதிப் புகார் தருகிறவர்கள் ‘தளம் அணுகக்கூடியதாக இல்லை’ என்று பொதுவாக எழுதினால் ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலே வரும். பக்கத்தின் முழு முகவரி, நாள், நேரம், உலாவி, திரைவாசிப்பானின் பெயரும் பதிப்பும், எந்த விசையை அழுத்தியபோது என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். ஒரு நிமிட ஒலிப்பதிவை இணைத்தால் தொழில்நுட்பப் பிரிவு மறுக்க முடியாது. முதலில் துறையின் இணையதளப் பொறுப்பாளருக்கு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நடந்த அணுகல் தணிக்கை அறிக்கையையும், பராமரிப்பு ஒப்பந்தத்தில் அணுகல் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். பதில் இல்லையென்றால் மாநிலத் துறைகளுக்கு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், மத்தியத் துறைகளுக்குத் தலைமை ஆணையரிடமும் மனு செய்யலாம். இருவருக்கும் ஆளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர்கள் ஒரு பரிந்துரை அனுப்பினால், துறை நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் அதே மூன்று மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும்.